தாளைப் பார்க்கிறோம், கம்பியைப் பார்ப்பதில்லை

நீங்கள் கேட்டது இதுதான்: "அரை கிரவுண்டு மனையில் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டப் போகிறேன். சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி வந்துவிடுகிறது, யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. அப்படியானால் அந்த அனுமதி எதற்கு? சொந்த வீட்டுக்கு அனுமதியே தேவையில்லை என்று அரசு விட்டுவிட்டால் என்ன?" சுயசான்றுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. யாருமே பார்க்காத ஒரு அனுமதியால் யாருக்கு லாபம் என்று கேட்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தனி வீடுகளுக்கு வரைபடம் போட்டும் கம்பிக் கணக்குப் பார்த்தும் பிழைக்கிறவன் நான். இந்தக் கேள்வி எனக்குள்ளும் பலமுறை எழுந்திருக்கிறது. நான் பொறியாளர், வழக்கறிஞர் அல்ல. சட்ட நுணுக்கம் வரும் இடங்களில் என் பேச்சை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ன மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் முன்பு சென்னைப் பெருநகருக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு 1997-ஆம் ஆண்டின் தனி விதி என்று இருந்தன. இவற்றை ஒன்றாக்கித்தான் 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதன் தொடர்ச்சியாக 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ இருந்தால், உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து இணையத்தில் உடனடியாக அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம் இல்லை, உள்கட்டமைப்புக் கட்டணம் இல்லை, முடிவில் பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. உங்கள் 1,200 சதுர அடி மனை இதற்குள் தாராளமாக அடங்கும்.

இனி என் அனுபவம். பழைய முறையில் 'தல ஆய்வு' என்று ஒன்று உண்டு. விண்ணப்பம் கொடுத்துப் பல வாரங்கள் கழித்து ஒருவர் வருவார். மனையில் அப்போது என்ன இருக்கும்? முள்ளும் பக்கத்து வீட்டார் கொட்டிய மண்ணும் இருக்கும். அவர் தெருவின் அகலத்தை அளப்பார், மனையின் முன்னால் நின்று ஒரு புகைப்படம் எடுப்பார், கிளம்பிவிடுவார். அனுமதி கிடைத்தபின் வானம், அதாவது அடித்தளக் குழி, தோண்டும்போது அவர் வரமாட்டார். கம்பி கட்டும்போதும் வரமாட்டார், தளம் போடும்போதும் வரமாட்டார். சிறிய தனி வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து 2019 விதிகளிலேயே விலக்கு இருந்ததால் வீடு முடிந்தபின்னும் வரவேண்டிய அவசியமில்லை. ஆக, வெறும் மனையை ஒருமுறை பார்த்துவிட்டு அதன்மேல் வரப்போகும் வீட்டுக்குச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தோம். சுயசான்று வந்து ஒரு பாதுகாப்பை எடுத்துவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். எடுத்தது பாதுகாப்பை அல்ல, காத்திருப்பை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை இருந்தது. வீட்டு வாடகை, வங்கிக் கடனுக்கான வட்டி, அதற்குள் ஏறிவிடும் கம்பி விலை, கூடவே கணக்கில் வராத சில செலவுகள். அவற்றை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மொத்தமாக எடுத்துவிடலாமே என்கிறீர்கள். இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை. என் வீடு, என் பணம், என் விருப்பம் என்பது பாதிதான் சரி. சமையலறை எந்த மூலையில் இருக்க வேண்டும், பூஜை அறைக்குச் சன்னல் வேண்டுமா, கூடத்தை எத்தனை அடி அகலம் வைப்பது என்பதிலெல்லாம் அரசுக்கு வேலை இல்லை. மனிதர் வாழும் அறை ஒன்று 9.5 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறை. நல்ல ஆலோசனைதான். சொந்த வீடு கட்டுகிறவருக்கு அது ஆலோசனையாகவே இருந்தால் போதும் என்பேன்.

ஆனால் பக்கத்து மனைக்காரர் இருக்கிறார். நீங்கள் எல்லை வரை சுவரை ஏற்றிவிட்டால் அவர் வீட்டுச் சன்னலுக்கு வெளிச்சம் போகும். உங்கள் மாடித் தண்ணீர் அவர் சுவரில் இறங்கும். அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று: உங்கள் பக்கச் சுவரின் வெளிப்புறத்தைப் பூசக் கொத்தனார் எங்கே நிற்பார்? எல்லை ஒட்டிக் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் சாரம் கட்ட அனுமதி கேட்டு நின்றவர்களையும், அனுமதி கிடைக்காமல் அந்தச் சுவரைப் பூசாமலே விட்டவர்களையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தச் சுவரின் உள்பக்கம் ஈரம் பூத்து நிற்கும். செட்பேக் என்று சொல்லும் காலி இடம் வெறும் அதிகாரிகளின் பிடிவாதம் அல்ல. அது இரண்டு வீட்டுக்கும் பொதுவான மூச்சு. அதேபோல ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. தெருவை நோக்கி நீளும் படிக்கட்டு, வடிகாலின் மேல் எழும்பும் சாய்தளம், 2003-இல் கட்டாயமாக்கப்பட்டும் பல வீடுகளில் வெறும் குழாயாக மட்டும் நிற்கும் மழைநீர் சேகரிப்பு எல்லாம் ஊரின் கணக்கில் வருபவை. மூன்றாவதாக, அந்த வீட்டுக்குள் தூங்கப்போகும் குழந்தைகளும், நாளை அந்த வீட்டை உங்களிடம் விலைக்கு வாங்கப்போகும் யாரோ ஒருவரும். சுவருக்குள் என்ன கம்பி இருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியாது.

இவற்றில் முதல் இரண்டையும் அளவுநாடா கொண்டு சோதிக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு மனை. பத்திரத்தில் 20 அடிக்கு 60 அடி, சுத்தமாக 1,200 சதுர அடி. பட்டாவும் சரி, வில்லங்கச் சான்றும் சரி. வரைபடம் தயார். சுவர்கள் வரும் இடத்தை மனையில் குறிக்க நூல் பிடிக்கும் நாளில் முன்பக்கம் அளந்தால் 20 அடி, பின்பக்கம் அளந்தால் 19 அடி 4 அங்குலம். பக்கத்து வீட்டு மதில் பின்னால் போகப் போகக் கொஞ்சம் சாய்ந்து உள்ளே வந்திருக்கிறது. எட்டு அங்குலம்தானே என்றார் உரிமையாளர். அந்த எட்டு அங்குலத்தை விட்டால் பக்க இடைவெளி விதிக்குக் குறைந்துவிடும், அல்லது படுக்கையறைச் சுவரை நகர்த்த வேண்டும். நாங்கள் வேலையை நிறுத்தி, நில அளவையருக்கு மனுக் கொடுத்து, அரசின் நில அளவைப் பதிவான புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து, கடைசியில் வரைபடத்தைத் திருத்தினோம். மூன்று வாரம் போனது. பழைய முறையாக இருந்தால் இந்தத் தவற்றை அந்தத் தல ஆய்வு கண்டுபிடித்திருக்குமா என்றால், அநேகமாக இல்லை. ஆனால் பழைய முறையில் 'அதிகாரி பார்த்துத்தானே கொடுத்தார்' என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது இருந்தது. சுயசான்றில் அது கிடையாது. அளவு இதுதான் என்று கையெழுத்திடுபவர் நீங்கள்.

மூன்றாவது விஷயம்தான் என்னைத் தூங்கவிடாதது. எந்த அனுமதியும், பழையதோ புதியதோ, கம்பியைப் பார்ப்பதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடம் அல்ல, முறையாகத் திட்ட அனுமதி பெற்ற கட்டடம். அடுக்குமாடியையும் தனி வீட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். தனி வீடு அப்படி ஒரே நாளில் விழுவது அபூர்வம். அது மெதுவாகக் கெடும். எப்படி என்று சொல்கிறேன். தளத்தின் கம்பி துருப்பிடிக்காமலிருக்க அதற்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். அதற்குத்தான் கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் இடையே கவர் பிளாக் என்னும் சிறு கட்டைகளை வைப்பது. கான்கிரீட் போடும் நாள் காலையில் போய்ப் பாருங்கள். வைத்த கவர் பிளாக்குகளில் பாதி, ஆட்கள் மிதித்து நகர்ந்திருக்கும். சில இடங்களில் அதற்குப் பதில் உடைந்த ஜல்லித் துண்டு இருக்கும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது, கம்பி பலகையின் மேலேயே படுத்திருக்கும். அன்று மாலை எல்லாம் மூடப்பட்டுவிடும். மேலிருந்து பார்த்தால் அருமையான தளம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கடலோரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம், கூடத்தின் கூரையில் ஒரு கோடு தெரியும், பிறகு துருவின் நிறம், பிறகு ஒருநாள் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழும். தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமான பில்லர் ரிங்கும் அப்படித்தான். அதன் முனையை 135 பாகைக்கு உள்ளே மடக்க வேண்டும் என்கிறது நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை. கம்பி கட்டுகிறவர் 90 பாகையோடு நிறுத்துவார், அது சுலபம். கேட்டால், "இத்தனை வருஷமாக இப்படித்தான் சார் கட்டுகிறோம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்தக் காலையில், அந்த இரண்டு மணி நேரத்தில், தகுதியுள்ள ஒருவர் அங்கே நிற்பதுதான் உண்மையான அனுமதி. வீட்டின் வாழ்நாளை முடிவு செய்யும் நேரம் அது. நம் விதிகளில் அந்த நேரத்துக்கு இடமே இல்லை.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள் என்பது இங்கே உதவும். தெலங்கானா 2020-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 75 சதுர கஜம், அதாவது 675 சதுர அடி வரையுள்ள மனையில் 7 மீட்டர் உயரத்துக்குள் கட்டும் வீட்டுக்கு அனுமதியே வேண்டாம், ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும். 600 சதுர கஜம் வரை, 10 மீட்டர் உயரத்துக்குள் சுயசான்றில் உடனடி அனுமதி. கேரளம் 2021-இல் 300 சதுர மீட்டருக்குள் வரும் ஆபத்துக் குறைந்த கட்டடங்களுக்குச் சுயசான்றைக் கொண்டுவந்தது. நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் இருப்பது தெலங்கானாவின் 75 கஜ விதி. மிகச் சிறிய மனைக்காரரை வரைபடக் கட்டணத்திலிருந்தும் அலைச்சலிலிருந்தும் காப்பாற்றுகிறது என்பதால் அதை நான் வரவேற்கிறேன்.

எதிர்ப்பக்கப் பாடம் நியூஸிலாந்து. அங்கே 1991-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் விதிகளைத் தளர்த்தி, தனியார் சான்றாளர்களுக்கும் இடம் கொடுத்தது. எண்ணம் நல்லதுதான். 1990-களின் நடுவிலிருந்து கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவருக்குள் நீர் இறங்கி மரச்சட்டங்கள் அழுகிப்போயின. பதப்படுத்தாத மரமும், கூரை நீட்டம் இல்லாத வடிவமும், சுவர்ப்பூச்சு முறையும் காரணங்கள். தளர்வான மேற்பார்வை அவற்றுக்குத் துணை போனது. 2009-இல் அரசு கேட்டு வாங்கிய மதிப்பீடு இழப்பை 1,130 கோடி நியூஸிலாந்து டாலர் என்றது. 2004-இல் சட்டத்தையே மாற்றி எழுதினார்கள். சான்று கொடுத்த தனியார் நிறுவனங்கள் பல அதற்குள் மூடப்பட்டுவிட்டன. வழக்குகள் உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தன. ஜப்பானில் இரண்டு தளம் வரையுள்ள சிறிய மர வீட்டை உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்திருந்தால் கட்டமைப்புப் பரிசோதனை தேவையில்லை என்று நெடுங்காலம் ஒரு சலுகை இருந்தது. 2025 ஏப்ரலில் அதைச் சுருக்கி, இரண்டு தள வீடுகளுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். கூரையில் சூரியத் தகடுகள், கனமான சன்னல்கள் என்று வீட்டின் எடை கூடியது அதற்கு ஒரு காரணம். இவற்றை வைத்து 'தளர்த்தவே கூடாது' என்று முடிவு கட்ட மாட்டேன். அவர்கள் மர வீடு கட்டுகிறார்கள், நாம் கான்கிரீட் கட்டுகிறோம். ஆனால் மேசையில் செய்யும் சோதனையைக் குறைக்கும்போது களத்தில் செய்யும் சோதனையைக் கூட்ட வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். நாம் முதலாவதைக் குறைத்துவிட்டோம். இரண்டாவதைக் கூட்டவில்லை.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெலங்கானாச் சட்டம் பொய்யான உறுதிமொழிக்கு முன்னறிவிப்பே இல்லாமல் இடிக்கலாம் என்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் வீட்டை அரை அடி இடைவெளிக்காக யாரும் இடிக்கப்போவதில்லை. இடிக்கவும் கூடாது. நம் கதையைப் பாருங்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியவற்றை முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு வந்தது. ஒரே ஒருமுறைதான் என்றார்கள். பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு 113-சி வந்தது. அடுத்து ஒன்று வரும் என்று காத்திருப்பவர்களை நான் வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். பயமுறுத்தும் தண்டனையும் அடிக்கடி வரும் மன்னிப்பும் சேர்ந்தால், 'முதலில் கட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதைத்தான் மக்கள் கற்றுக்கொள்வார்கள். அந்த எட்டு அங்குலத் தவறு நூல் பிடிக்கும்போது தெரிந்ததால் மூன்று வாரத்தோடு முடிந்தது. மாடி ஏறியபின் தெரிந்திருந்தால் வழக்குதான்.

ஆகையால் நான் கேட்கும் சீர்திருத்தம் சின்னது. அனுமதியை இப்போது போலவே உடனடியாகக் கொடுங்கள். அதற்குப் பதில் இரண்டு நாட்களில் மட்டும் வாருங்கள்: அடித்தளத்துக்கு நூல் பிடித்த அன்று ஒருமுறை, தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று ஒருமுறை. முதல் நாளில் எல்லையும் இடைவெளியும் தெரிந்துவிடும், இரண்டாம் நாளில் கம்பி தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் நாடு முழுவதற்கும் பிறப்பித்த உத்தரவுகளில், கட்டும் காலத்தில் அனுமதி வரைபடத்தை மனையில் வைக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. பணி நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரமும் குடிநீரும் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சிறிய வீட்டுக்கு பணி நிறைவுச் சான்றே வேண்டாம் என்று மாநில விதி சொல்வதோடு இதை எப்படிப் பொருத்துவது என்பதை நான் தீர்மானிக்க முடியாது, அது வழக்கறிஞர்களின் வேலை. ஆனால் கட்டும் காலத்தில் வந்து பார் என்பது என் மனத்துக்கு மிகவும் உகந்தது.

இதில் எனக்குச் சந்தேகங்களும் உண்டு. யார் வந்து பார்ப்பது? ஊராட்சிகளில் பொறியாளரே போதாது. பதிவு பெற்ற தனியார் பொறியாளரை அனுப்பலாம் என்றால், உரிமையாளரிடம் பணம் வாங்குகிறவர் உரிமையாளரிடமே 'கம்பியைப் பிரித்துக் கட்டு' என்று சொல்வாரா? நியூஸிலாந்து இடறிய கல் இதுதான். மனையைப் பார்க்காமலே கையெழுத்து மட்டும் போடும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வரைபடத்தில் அப்படிப் போட்டிருக்கிறேன். பிறகு அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அந்த வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனேன். இன்றும் அது நிற்கிறது, என் திறமையால் அல்ல. பொறியாளரை உரிமையாளர் தேர்ந்தெடுக்காமல் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் அனுப்பினால் கொஞ்சம் சரியாகலாம். இடமும் நேரமும் பதிவாகும் புகைப்படங்களைக் கட்டாயமாக்கினால் இன்னும் கொஞ்சம். லஞ்சம் முற்றிலும் ஒழியும் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். மேசையிலிருந்த பேரம் வானக் குழிக்கு இடம் மாறக்கூடும். ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கும். குழிக்கருகில் நிற்கிறவர் கண்ணில் கம்பியாவது படும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அரசு விதி மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உறுதிமொழியில் கையெழுத்திடும் முன் மனையின் நான்கு பக்கத்தையும், இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து புல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மூலைவிட்டம் முக்கியம். பக்கங்கள் சரியாக இருந்தும் மனை கோணலாக இருக்கும். வரைபடம் போடும் பொறியாளரிடம் கட்டணம் பேசும்போது, அடித்தளம், ஒவ்வொரு தளம் என்று களத்துக்கு வரும் நாட்களையும் சேர்த்துப் பேசி எழுதி வாங்குங்கள். கான்கிரீட் வண்டிக்குச் சொல்வதற்கு ஒரு நாள் முன்னதாக அவரை அழையுங்கள், அன்று காலையில் அல்ல. வண்டி வந்து நின்றபின் எந்தப் பொறியாளராலும் கம்பியைப் பிரித்துக் கட்டச் சொல்ல முடியாது. நானும் சொன்னதில்லை.